முகாமில் பிறந்தவர் எந்த நாட்டவர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்வோரின் குடியுரிமை குறித்துத் தங்கள் நாளிதழில் செய்திகளும் கட்டுரைகளும் வாசகர் கடிதங்களும் தொடர்ந்து வெளிவருகின்றன. கொடுக்க வேண்டும் என்று வாதிடுவோரும் கொடுக்கக் கூடாது என்று வாதிடுவோரும், முகாமில் இருக்கும் அனைவரும் சட்டத்தின் முன் ஒரே நிலையில் இருப்பதாக எண்ணிக்கொண்டே எழுதுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை அதன் திருத்தங்களோடு சேர்த்துப் படித்தால், முகாம்வாசிகளில் ஒரு பகுதியினர் பிறந்த நாள் முதலே இந்தியக் குடிமக்கள் என்பதும், அவர்களுக்கு எவரும் புதிதாக எதையும் வழங்க வேண்டியதில்லை என்பதும் தெரியவரும். வேறொரு பகுதியினரின் முன்னோர் இந்த மண்ணிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள். அவர்களுடைய கோரிக்கைக்குப் பின்னால் இரு நாடுகளின் ஒப்பந்தமே இருக்கிறது. எஞ்சியவர்களின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் நடத்தும் விவாதம், ஏற்கெனவே குடிமக்களாக இருப்பவர்களையும் சேர்த்து அந்நியராக்கிவிடுகிறது என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் திருச்சி மாவட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் பள்ளியில் முகாம் பிள்ளைகள் ஒவ்வோராண்டும் படித்தார்கள். மாற்றுச் சான்றிதழில் மாணவர் எந்த நாட்டவர் என்று கேட்கும் இடத்தை நிரப்ப வேண்டியிருந்ததால்தான் இந்தச் சட்டத்தை ஊன்றிப் படிக்கும் தேவை எனக்கு ஏற்பட்டது. இங்கேயே பிறந்து, இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை முடித்த பிள்ளைக்கு "இலங்கை" என்று எழுதுவதே வழக்கம் என்றார்கள். அந்த வழக்கத்துக்கு எந்தச் சட்டப் பிரிவு ஆதாரம் என்று கேட்டபோது பதில் சொல்வார் இல்லை. வழக்கறிஞர் நண்பர்களின் துணையோடு படித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

குடியுரிமை யாருக்கு உரியது என்பதை நமது அரசியலமைப்புச் சட்டம் 5 முதல் 11 வரையிலான உறுப்புகளில் பேசுகிறது. அவை பெரும்பாலும் நாடு விடுதலை பெற்றுப் பிரிவினைக்குள்ளான காலத்துச் சிக்கல்களைத் தீர்ப்பதற்காக எழுதப்பட்டவை. அதற்குப் பிந்தைய காலத்துக்கு வேண்டிய சட்டத்தை இயற்றும் அதிகாரத்தை 11-ஆவது உறுப்பு நாடாளுமன்றத்துக்கு வழங்கியது. அந்த அதிகாரத்தின்படி வந்ததே 1955-ஆம் ஆண்டின் சட்டம். பிறப்பு, வம்சாவளி, பதிவு, நீண்டகாலக் குடியிருப்பு ஆகிய வழிகளிலும், புதிதாக ஒரு நிலப்பகுதி இந்தியாவோடு இணையும்போதும் ஒருவர் குடிமகனாகலாம் என்று அது கூறுகிறது. முகாம் மக்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது பிறப்பைப் பற்றிய 3-ஆவது பிரிவு. அந்தப் பிரிவு மூன்று காலங்களுக்கு மூன்று விதிகளைச் சொல்கிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்த எவரும், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், இந்தியக் குடிமகனே. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகளும், எதிரி நாடு கைப்பற்றி வைத்திருக்கும் பகுதியில் எதிரி நாட்டவருக்குப் பிறக்கும் பிள்ளைகளும் மட்டுமே விதிவிலக்கு. அகதிகளின் பிள்ளைகளுக்கு அந்த விதிவிலக்கில் இடமில்லை. பெற்றோர் கடவுச்சீட்டோடு வந்தார்களா, படகில் வந்தார்களா என்று அந்த விதி கேட்பதே இல்லை. 1986-ஆம் ஆண்டின் திருத்தம் 1987 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது இது மாறியது; அன்று முதல் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது, பிள்ளை பிறந்த நேரத்தில், இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. பின்னர் 2003-ஆம் ஆண்டில் நிறைவேறிய திருத்தம் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்து விதியை இன்னும் இறுக்கியது: பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். இத்திருத்தங்கள் எதுவும் பின்னோக்கிச் செல்லுபடியாவதில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் பிறந்த நாளில் எந்த விதி நடைமுறையில் இருந்ததோ அதுதான் அவருக்குப் பொருந்தும்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான் இலங்கையிலிருந்து மக்கள் பெருந்திரளாக இராமேசுவரம், மண்டபம் கரைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது தொடங்கி 1987 ஜூன் இறுதி வரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இடைவெளி இருக்கிறது. அந்த நான்கு ஆண்டுகளில் மண்டபம் முகாமிலும் பிற முகாம்களிலும், அரசு மருத்துவமனைகளிலும், உறவினர் வீடுகளிலும் பிறந்த அகதிகளின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். இதற்கு விண்ணப்பம் தேவையில்லை, ஆட்சியரின் பரிந்துரை தேவையில்லை, மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆணையும் தேவையில்லை. ஆனாலும் அவர்கள் பிறந்த நாள் தொட்டு முகாம் பதிவேட்டில் அகதியாகவே எழுதப்பட்டார்கள், பணக்கொடை பெற்றார்கள், கணக்கெடுப்பு நாளில் வரிசையில் நின்றார்கள், வெளியூர் போவதற்கு அனுமதி கேட்டார்கள். கடவுச்சீட்டு கேட்டு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட அப்படிப்பட்ட ஒரு பெண்மணியின் வழக்கில், அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்பதால் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டு மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்ததைப் பல நாளிதழ்கள் பெருமையோடு வெளியிட்டன. அவருக்கு நீதிமன்றம் குடியுரிமை வழங்கியதாகச் சில செய்திகள் கூறியது சரியன்று. அவரிடம் ஏற்கெனவே இருந்ததை நீதிமன்றம் ஏற்று அறிவித்தது, அவ்வளவுதான். அவரைப் போன்ற மற்றவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே நீதிமன்றம் போய்த்தான் இதை நிலைநாட்ட வேண்டும் என்று அரசு எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்த மூன்று விதிகளும் ஒரே குடும்பத்தை எப்படிக் கூறுபோடுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1983-இல் கணவனும் மனைவியுமாகப் படகில் வந்த இருவருக்கு 1984-இல் முகாமில் ஒரு பெண் குழந்தையும் 1988-இல் ஓர் ஆண் குழந்தையும் பிறந்ததாகக் கொள்வோம். அக்காள் இந்தியக் குடிமகள், தம்பி வெளிநாட்டவர். அக்காள் வளர்ந்து, 1990-இல் சிறுவனாகப் படகில் வந்த ஒருவரை மணக்கிறார். அவர்களுக்கு 2003-இல் பிறக்கும் முதல் பிள்ளை, தாய் குடிமகள் என்ற ஒரே காரணத்தால், இந்தியக் குடிமகன். 2006-இல் பிறக்கும் இரண்டாவது பிள்ளையோ, தந்தை உரிய ஆவணமின்றி நுழைந்தவர் என்பதால், குடிமகன் அல்லன். ஒரே வீட்டில் ஒரே தாய்க்குப் பிறந்தவர்களில் மூத்தவர் வாக்களிக்கலாம், அரசுப் பணிக்குத் தேர்வு எழுதலாம்; இளையவர் இரண்டும் செய்ய முடியாது.

அந்த அக்காள் மணந்தவர் படகில் வந்தவராக இல்லாமல், 1987-க்குப் பிறகு முகாமிலேயே பிறந்தவராக இருந்தால் நிலைமை என்ன? சட்டவிரோதக் குடியேறி என்பவர் யார் என்பதைச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு திட்டமாக வரையறுத்திருக்கிறது: செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர், அல்லது ஆவணத்தோடு நுழைந்து, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்ட வெளிநாட்டவர். இரண்டு நிலைகளிலும் நுழைதல் என்ற செயல் முதலில் நடந்திருக்க வேண்டும். இந்நாட்டின் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தை எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தது? பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்பதால் அக்குழந்தை குடிமகனாகாமல் போகலாம். அதனாலேயே சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடாது. இந்தியாவிலேயே பிறந்த ஒருவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று கொள்ள இயலாது என்று டில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவரும், முகாமோடு தொடர்பில்லாத வேறொரு வழக்கில், 2024-இல் கூறியிருக்கிறார். இந்த வாசிப்பு சரியென்றால், அப்படிப்பட்டவருக்கும் அந்த அக்காளுக்கும் 2006-இல் பிறக்கும் பிள்ளையும் குடிமகனே; மேலும், முகாமில் பிறந்து வளர்ந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு நீண்டகாலக் குடியிருப்பு வழியாக விண்ணப்பிக்கும் உரிமை இன்றைய சட்டத்தின்படியே உண்டு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகளும் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும் என்பதே அந்த வழியின் முதன்மையான நிபந்தனை; அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்பதும் அதில் சேரும். அந்தப் பிள்ளைகள் பிறந்தது முதல் வசிக்கும் இடமும் இந்தியா, பேசும் மொழியும் தமிழ்.

சட்டவிரோதக் குடியேறி என்ற அந்த வகைப்பாடு 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் குடியுரிமைச் சட்டத்தில் இல்லை என்பது பலருக்கும் தெரியாது. அத்திருத்தம்தான் வரையறையை நுழைத்தது. பதிவு வழியாக விண்ணப்பிக்கும் 5-ஆவது பிரிவிலும், குடியிருப்பு வழியாக விண்ணப்பிக்கும் 6-ஆவது பிரிவிலும் "சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர்" என்ற நிபந்தனையையும் சேர்த்தது. உயிருக்கு அஞ்சி ஓடிவருபவர் விசா வாங்கிக்கொண்டு வருவதில்லை. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அகதி என்ற தனி வகையை வரையறுத்து உரிமை தரும் சட்டமும் இங்கு இல்லை. ஆகவே அரசே பதிவு செய்து, அரசே வீடு கட்டிக் கொடுத்து, அரசே மாதந்தோறும் பணக்கொடை வழங்கும் ஒருவர், குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவரோடு ஒரே வரிசையில் வைக்கப்படுகிறார். நாற்பது ஆண்டுகள் சட்டத்துக்கு அடங்கி, ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் நேரில் வந்து நின்றவரை அந்த வரிசையில் வைப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மலையகத் தமிழரின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். விடுதலை பெற்ற ஆண்டிலேயே இலங்கை இயற்றிய 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததை நிறுவச் சொன்னது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளில், வாழ்ந்தவர்கள் இதை எப்படி நிறுவுவார்கள்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் தீர்மானித்தது. அந்த மீதியை இந்திரா காந்தி காலத்தில், 1974-இல், இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 பேராகப் பகிர்ந்துகொண்டன. சம்பந்தப்பட்ட மக்களில் எவரிடமும் விருப்பம் கேட்டு இந்த எண்கள் முடிவாகவில்லை.

ஒப்பந்தப்படி தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு தாயகம் திரும்பியோராக வந்தார்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் மலைச்சரிவுகளில் குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்களே. 1964-க்கும் 2008-க்கும் இடையில் 4,61,000 இந்திய வம்சாவளித் தமிழர்களுக்குக் குடியுரிமை வழங்கியதாக மத்திய அரசே 2019-இல் தெரிவித்தது. ஆனால் 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றுபோனது. 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடி வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிய மலையகக் குடும்பங்கள், 1983-க்குப் பிறகு அங்கிருந்தும் விரட்டப்பட்டு, கைக்குக் கிடைத்த படகில் ஏறி இதே இராமேசுவரத்துக்கு வந்தன. இந்தியாவுக்கு விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருந்தவர்களும் அவர்களுள் உண்டு. கப்பலில் வந்த அண்ணன் கோத்தகிரியில் வாக்காளர். படகில் வந்த தம்பி முகாமில் சட்டவிரோதக் குடியேறி. இலங்கை 1988-லும் 2003-லும் புதிய சட்டங்கள் இயற்றித் தன் மண்ணில் எஞ்சியிருந்த மலையகத் தமிழரின் நாடற்ற நிலையை நீக்கியது என்பதையும், 2009-இல் அவற்றைத் திருத்தி இந்தியாவுக்கு ஓடிவந்தவர்களையும் உட்படுத்தியது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் இலங்கை ஏற்கத் தயாராக இருப்பதால் இந்தியாவின் கடமை தீர்ந்துவிட்டது என்று நான் கருதவில்லை. நம் அரசு 1964-இல் ஏற்றுக்கொண்ட பொறுப்பு ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றியதாக இருந்தாலும், அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்கள் இன்று நம் மாவட்டங்களிலேயே பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த வம்சாவளியினரைச் சட்டம் இன்னொரு வகையிலும் விலக்கி வைக்கிறது. இந்திய வம்சாவளியினர் ஏழாண்டுகள் இங்கு வசித்தபின் பதிவு வழியாகக் குடியுரிமை கோரலாம் என்கிறது 5-ஆவது பிரிவு. அப்பிரிவின்படி வம்சாவளியினர் என்றால், தாமோ தம் பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். மலையகத்தின் இன்றைய தலைமுறைக்குப் பாட்டனும் பாட்டியும்தான் இங்கே பிறந்தவர்கள்; பலருக்கு அதற்கும் முந்தைய தலைமுறை. அரசியலமைப்பின் 8-ஆவது உறுப்போ, வெளிநாட்டில் வாழும் ஒருவரின் பாட்டன் பாட்டி இந்தியாவில் பிறந்திருந்தாலே இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொண்டு குடிமகனாகலாம் என்று பெருந்தன்மையோடு வழிவிட்டிருந்தது. அரசியலமைப்பை எழுதியவர்கள் கடல் கடந்து பிழைக்கப் போனவர்களை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்த உறுப்பே சான்று. 2019 ஜூனில் மலையக வழிவந்த 65 பேர் தொடுத்த வழக்கில் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கவும், மத்திய அரசு 16 வாரங்களுக்குள் முடிவெடுக்கவும் உத்தரவிட்டபோது, இந்த வரலாற்றையே தம் தீர்ப்பின் அடித்தளமாக வைத்தார்.

2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வகையிலிருந்து விலக்கி, அவர்களுக்குக் குடியிருப்புக் காலத்தையும் ஐந்தாண்டுகளாகக் குறைத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அச்சட்டத்தின் ஏற்புடைமையைப் பற்றிய பெரிய விவாதத்துக்குள் நான் செல்லவில்லை. ஆவணமின்றி வந்தவர்களையும் சட்டவிரோதக் குடியேறி அல்லர் என்று ஒரே வரியில் அறிவிக்க நாடாளுமன்றத்தால் முடியும் என்பதை அது காட்டிவிட்டது என்பதே நான் கவனிக்கச் சொல்வது.

அண்மையில் ஏற்பட்ட மாற்றம் ஒன்று முகாம்களில் நம்பிக்கையையும் குழப்பத்தையும் ஒருங்கே ஏற்படுத்தியிருக்கிறது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 என்ற புதிய சட்டம் 2025 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் வைத்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்களித்தது. இதனால் அவர்கள்மீது ஆவணமில்லை என்ற குற்றத்துக்காக வழக்குத் தொடர முடியாது. இது பெரிய ஆறுதல், வரவேற்கிறேன். ஆனால் இதனால் குடியுரிமை கிடைத்துவிட்டது என்றோ, விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிட்டது என்றோ எண்ணுவது தவறு. குடியுரிமைச் சட்டத்தில் உள்ள வரையறை தொடப்படவே இல்லை. ஆவணமில்லாமல் இருப்பது குற்றமில்லை என்று ஒரு சட்டம் சொல்கிறது. ஆவணமில்லாமல் வந்ததால் விண்ணப்பிக்கவே கூடாது என்று இன்னொரு சட்டம் அதே ஆளைப் பார்த்துச் சொல்கிறது. முதல் சட்டத்தில் காட்டிய பரிவை இரண்டாவதிலும் காட்ட ஒரு சிறு திருத்தம் போதும்.

ஆதார் அட்டை இருப்பதால் தாங்கள் குடிமக்கள் என்று நம்பும் இளைஞர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். ஆதார் இங்கு வசிப்பதற்கான அடையாளம் மட்டுமே; அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. குடிமகன் அல்லாதவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கும், உண்மைக்கு மாறான உறுதிமொழி கொடுத்துக் கடவுச்சீட்டு பெறுவதற்கும் சட்டம் கடுமையான விளைவுகளை வைத்திருக்கிறது. இடைத்தரகர்களின் பேச்சை நம்பி எந்த முகாம் இளைஞரும் அந்த வழியில் போக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதுபோலவே 1987 ஜூலைக்கு முன் இங்கு பிறந்தவர்கள், இலங்கைக் கடவுச்சீட்டு பெறுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். தாமாக முன்வந்து வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் இந்தியர் தம் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்கிறது 9-ஆவது பிரிவு. வேறு நாட்டின் கடவுச்சீட்டைப் பெற்றதே அதற்கு முடிவான சான்றாகக் குடியுரிமை விதிகளில் கொள்ளப்படுகிறது. திரும்பிப் போக விரும்புவோர் போகட்டும்; அது அவர்கள் உரிமை. தம்மிடம் இருப்பது என்னவென்று அறியாமலேயே அதை இழந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பவர்களின் அச்சத்தை நான் இழிவாகக் கருதவில்லை. 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்த அச்சம் தமிழ்நாட்டில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் தகுதி வேறு, குடியுரிமை கிடைப்பது வேறு என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். சட்டத்தின் 14-ஆவது பிரிவு, பதிவு வழியாகவும் குடியிருப்பு வழியாகவும் வரும் விண்ணப்பங்களைக் காரணம் கூறாமலேயே மறுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்திருக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்து, ஐயத்துக்குரியவரை மறுப்பதற்கு அரசின் கை முழுமையாகவே கட்டற்று இருக்கிறது. முகாம்களைக் கண்காணிக்கும் தமிழ்நாடு உளவுப் பிரிவான கியூ பிரிவு போலீசாரின் கோப்புகளில் ஒவ்வொரு முகாம் குடும்பத்தின் வருகையும் பிறப்பும் இறப்பும் இருக்கின்றன. இந்நாட்டில் இவர்கள் அளவுக்கு விவரம் சேகரிக்கப்பட்ட மக்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். அப்படியிருக்க, முகாம்களில் உள்ள ஏறத்தாழ 58,000 பேரையும், குழந்தைகள் உட்பட, விசாரணையே இன்றி மொத்தமாக விலக்கி வைப்பதால் எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை.

மத்திய அரசு செய்ய வேண்டியவை இரண்டு. சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையின் விதிவிலக்கில், 2025-ஆம் ஆண்டு ஆணை குறிப்பிடும் அதே இலங்கைத் தமிழர்களைச் சேர்க்க வேண்டும். 5-ஆவது பிரிவின் விளக்கத்தில் பெற்றோரோடு பாட்டன் பாட்டியையும் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் நாடாளுமன்றம் வேண்டும், காலம் எடுக்கும். மாநில அரசு செய்ய வேண்டியதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை. முகாம் பதிவேடுகளைக் கொண்டு 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இங்கு பிறந்தவர்களின் பட்டியலையும், அவர்களுக்கு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்த பிள்ளைகளின் பட்டியலையும் மாவட்டந்தோறும் தயாரிக்க வேண்டும். இவர்களுள் முகாமிலோ வீட்டிலோ மருத்துவச்சியின் கையில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் காலங்கடந்த பதிவுக்கு வழி இருக்கிறது; மருத்துவமனைப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, முகாமில் குழந்தையின் பெயர் சேர்க்கப்பட்ட நாள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றைச் சான்றாக ஏற்று, வருவாய்த் துறை முகாமுக்கே சென்று விண்ணப்பங்களைப் பெற்று முடித்துக் கொடுக்கலாம். நாற்பது வயதை எட்டியும் தாண்டியும் நிற்கும் அந்த மனிதர்களின் பெற்றோர் உயிரோடு இருந்து சாட்சி சொல்லக்கூடிய காலத்திலேயே இது நடக்க வேண்டும். அதற்கு முதற்படியாக, இந்த இரண்டு தேதிகளையும் ஒவ்வொரு முகாமின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு அரசு ஆணையிட வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.